மஹராகக் கேட்கப்பட்ட கலிமா: லைலா அபூலெலாவின் ‘மொழிபெயர்ப்பாளர்’ நாவலை முன்வைத்து

காதல் கதைகளில் சமயம் பெரும்பாலும் வில்லன் வேடமே ஏற்கிறது. இருவர் விரும்புகின்றனர்; குறுக்கே ஒரு வேதமோ ஒரு குருவோ ஒரு குடும்பப் பெருமையோ வந்து நிற்கிறது; அதை மீறினால் வெற்றி, மீற இயலாவிட்டால் அவலம். ஐரோப்பிய நாவல் இந்த வாய்பாட்டை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. 1188இல் நிஜாமி பாரசீகத்தில் இயற்றிய லைலா மஜ்னூன் காவியம் வேறு வகையானது. அங்கே காதலர் இருவரும் இவ்வுலகில் இணைவதில்லை. அந்த இணையாமையே அவர்களை மேலே உயர்த்துகிறது. இவ்விரண்டு மரபுகளுக்கும் வெளியே, சமயக் கட்டளையைத் தடையாகவும் அதே வேளையில் வழியாகவும் கொண்டு ஒரு காதல் கதையைச் சொல்ல இயலுமா? சூடான் நாட்டு எழுத்தாளர் லைலா அபூலெலா 1999இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மொழிபெயர்ப்பாளர்’ என்னும் முதல் நாவல் அதற்கான முயற்சி. அம்முயற்சி எவ்வளவு தூரம் வென்றிருக்கிறது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964இல் கெய்ரோவில் பிறந்தவர், கார்ட்டூமில் வளர்ந்தவர், புள்ளியியல் கற்றவர், 1990இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே எழுதத் தொடங்கியவர். ஆப்பிரிக்கச் சிறுகதைக்கான கேய்ன் பரிசு 2000இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் இவரே. 2025ஆம் ஆண்டின் பென் பின்டர் பரிசும் இவருக்குக் கிடைத்தது. பரிசுகளின் பட்டியலை நீட்டுவதில் நமக்கு ஆர்வமில்லை. ஆங்கில வாசகரை முன்னிலையாக வைத்து எழுதும் ஒரு முஸ்லிம் பெண், தன் தொழுகையைப் பற்றி மன்னிப்புக் கேட்கும் தொனியின்றி எழுதுகிறார் என்பதுதான் நம்மை அவர்பால் ஈர்த்தது.

கதை எளிது. ஸம்மர் இளம் விதவை. கணவன் தாரிக் அவளுடைய அத்தை மஹாஸினின் மகன். மருத்துவம் பயில அபர்தீனுக்கு வந்தவன். கார் விபத்தில் இறந்துபோகிறான். அவன் உடலோடு கார்ட்டூம் செல்லும் ஸம்மர், கைக்குழந்தை அமீரை மாமியாராகிய அத்தையிடம் விட்டுவிட்டுத் தனியே அபர்தீனுக்குத் திரும்புகிறாள். பல்கலைக்கழகத்தில் அரபு மொழிபெயர்ப்பாளர் பணி. அங்கே மத்தியக் கிழக்கு அரசியலையும் இஸ்லாமிய இயக்கங்களையும் ஆராயும் ரே அய்ல்ஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞரின் பழக்கம் கிடைக்கிறது. அவர் மணமுறிவு கண்டவர், ஒரு மகள் உண்டு, ஆஸ்துமா நோயாளி, குர்ஆனையும் ஹதீஸையும் வரலாற்றையும் நம்மில் பலரைவிட நன்கு கற்றவர். முஸ்லிம் அல்லர். முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத ஆணை மணக்கலாகாது என்பது 60ஆம் அத்தியாயமாகிய அல்மும்தஹினாவின் 10ஆம் வசனத்தையும் 2:221ஐயும் அடிப்படையாகக் கொண்டு ஃபுகஹாக்கள் ஒருமித்துச் சொன்ன சட்டம். ஸம்மருக்கு அது தெரியும். ரேவுக்கும் தெரியும். நாவலின் முடிச்சு இவ்வளவே.

முடிச்சு எளிதாயிருப்பதால் நாவலும் எளிதென்று கருதிவிடக் கூடாது. இந்நூலின் வளம் முழுவதும் அந்த முடிச்சை நோக்கி வரும் இரு மனிதர்களின் பழைய கணக்குகளில் இருக்கிறது.

ஸம்மரின் துக்கத்தையே எடுத்துக்கொள்வோம். விதவையின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் என்று குர்ஆன் (2:234) வரையறுக்கிறது. அதற்கடுத்த வசனமோ, அந்தக் காலத்திற்குள்ளேயே மண விருப்பத்தைக் குறிப்பாகத் தெரிவிப்பதில் குற்றமில்லை என்று அனுமதிக்கிறது. துக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு அப்பால் வாழ்க்கை உண்டு என்பது மார்க்கத்தின் நிலை. ஸம்மரின் துக்கமோ நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. மருத்துவமனைக்கு எதிரே ஒரு வெற்று அறை. அலங்காரமோ சமையலோ விருந்தினரோ இல்லை. அவளே அதை மருத்துவமனை அறை என்று எண்ணிக்கொள்கிறாள். தொழுகை மட்டும் விடுபடவில்லை. ஐந்து வேளைத் தொழுகை அந்த நான்கு ஆண்டுகளில் அவளைத் தரையோடு பிணைத்து வைத்திருந்த ஒரே கயிறு என்பதை ஆசிரியர் பிரசங்கம் செய்யாமல் காட்டிவிடுகிறார்.

அவள் துக்கத்தின் அடியில் இருப்பது கணவனை இழந்த வலி மட்டுமன்று. தாரிக் இறந்த நாட்களில், அவனுக்குப் பதில் நீ போயிருக்கக் கூடாதா என்று பெற்ற குழந்தையைப் பார்த்தே சொல்லிவிட்டவள் அவள். தாய்மை என்ற ஊற்று அன்றே வற்றிவிட்டது. குழந்தையை அத்தையிடம் விட்டுவந்தது வறுமையாலோ வசதிக்காகவோ அன்று. அவனைப் பார்க்க இயலாமையால். தமிழ்ப் புனைவில் தாய் என்றால் தியாகம் என்று வாசித்துப் பழகிய நமக்கு இப்பகுதி முள்ளாகக் குத்துகிறது. ஆசிரியர் அதை நியாயப்படுத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி வைத்துவிட்டு நகர்கிறார். நாவலின் மிக நேர்மையான பக்கங்கள் இவை என்று நாம் கருதுகிறோம்.

இரண்டாவது கணக்கு அஹ்மத் அலீ யாஸீன். குடும்ப நண்பர், அதிகம் படியாதவர், மார்க்கப் பற்றுள்ளவர், ஏற்கெனவே மணமானவர். விதவையாகி வந்த ஸம்மரை மணக்க அவர் விரும்புகிறார், அவளும் இசைகிறாள். மஹாஸின் சீறி விழுகிறாள். படித்த பெண், மகனுடைய மனைவியாயிருந்தவள், இப்படியொருவருக்கு இன்னொரு மனைவியாவதா? இந்தச் சண்டையே ஸம்மரை மறுபடியும் அபர்தீனுக்கு விரட்டுகிறது. இங்கே சற்று நிற்க வேண்டும். விதவை மறுமணத்தை மார்க்கம் அனுமதிக்கிறது என்று மேடைகளில் நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்த அனுமதி குடும்பத்தின் நடுமுற்றத்திற்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை மஹாஸின் காட்டிவிடுகிறாள். அவளுடைய எதிர்ப்பு ஷரீஅத்தின் எதிர்ப்பன்று. வர்க்கத்தின் எதிர்ப்பு, படிப்பின் எதிர்ப்பு, இறந்த மகனை இன்னொருவன் இடம்பெயர்ப்பதைத் தாங்க மாட்டாத ஒரு தாயின் எதிர்ப்பு. பின்னர் அவளே ஸம்மரின் முகத்துக்கு நேராக, கார் வாங்கச் சொல்லி நச்சரித்து என் மகனைக் கொன்றவள் நீ என்று பழி சுமத்துகிறாள். அந்தக் கொடுஞ்சொல்லின் பின்னாலுள்ள துயரத்தையும் நம்மால் உணர முடிவதுதான் ஆசிரியரின் திறன்.

மஹாஸினைப் போன்ற மாமியார்களை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம். மருமகள் வெள்ளைத் துப்பட்டியைக் களைவதற்குக் கிதாபில் இடமுண்டு என்று ஆலிம் எடுத்துச் சொன்னாலும், அவர்கள் காதில் அது ஏறுவதில்லை.

ரேயின் பழைய கணக்கு வேறு. அவருடைய குடும்பத்தில் டேவிட் என்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் எகிப்துக்குப் படைவீரராகச் சென்று, படையை விட்டு நீங்கி, இஸ்லாத்தைத் தழுவி, அங்கேயே தங்கிவிட்டவர். சிறுவயதில் கேட்ட அந்தக் கதைதான் ரேயைக் கிழக்கை நோக்கித் திருப்பியது. ஆயினும் அவர் ஆராய்ச்சியாளராகவே நின்றுவிட்டார். கரையில் நின்று நதியின் ஆழத்தைக் கணக்கிடுபவர் அவர். நீரில் இறங்கினால் அளவு பிழைத்துவிடும் என்ற அச்சம். இது வெறும் அச்சமன்று, தொழில் சார்ந்த உண்மையும்கூட. ரேயின் செயலாளரும் ஸம்மரின் தோழியுமான யாஸ்மின் இதைப் போட்டு உடைக்கிறாள்: இந்த மனிதர் முஸ்லிமானால் நாளை அவருடைய கருத்தை எந்தச் செய்தி நிறுவனம் கேட்கும்? மேற்கின் கீழைத்தேயவியல் துறையில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசும் தகுதி, அதை நம்பாதவருக்கே எளிதில் வழங்கப்படுகிறது. எட்வர்ட் சயீத் 1978இல் கோட்பாடாக எழுதியதை, தேநீர் மேசையில் ஒரு தோழியின் எச்சரிக்கையாக மாற்றிவிடுகிறார் அபூலெலா.

காதல் வளரும் விதம் நம் கவனத்திற்குரியது. ஸம்மர் என்ற பெயர் ஆங்கிலக் கோடைப் பருவத்தின் பெயர்போல் ஒலிக்கிறது என்று ரே நினைக்கிறார். அது நிலவொளியில் நண்பர்கள் கூடி இரவெல்லாம் உரையாடும் ‘ஸமர்’ என்று அவள் விளக்குகிறாள். நாவலின் காதலும் அதுவே, உரையாடல். பல்கலைக்கழக விடுமுறையில் தொலைபேசி வழியே நீளும் பேச்சு. ஹதீஸ் குத்ஸீகளை அவருக்காக அவள் விளக்குதல். தீவிரவாதக் குழு ஒன்றின் அறிக்கையை மொழிபெயர்க்கும்போது, தாளிலிருந்த கறையும் எழுத்துப் பிழைகளும் அவள் கண்ணில் படுதல். அவர் உடல்நலமின்றி மருத்துவமனையில் கிடக்கையில் அவள் சூப் வைத்துக் கொண்டுபோதல். நான்கு ஆண்டுகள் யாருக்கும் எதையும் சமைக்காத கை, காய்கறி நறுக்குகிறது. அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் அந்தப் பக்கங்களை வாசிக்கையில் ஒரு நோயாளி கண்விழிப்பதைப் பார்ப்பது போலிருக்கிறது. அவள் அறையைத் துப்புரவாக்குகிறாள். புதிய குளிரங்கி வாங்குகிறாள். தொடுகை என்று ஒன்றும் நிகழ்வதில்லை.

இந்தத் தனிமைப் பேச்சுக்கும் மருத்துவமனைப் பயணத்திற்கும் ஷரீஅத்தில் இடமுண்டா என்று நம் வாசகரில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஸம்மரும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் ஒரு முன்மாதிரிப் பெண்ணாகப் படைக்கப்படவில்லை, தடுமாறுகிறவளாகவே படைக்கப்பட்டிருக்கிறாள். ஒழுக்க நூலிடம் கேட்பதை நாவலிடம் கேட்கத் தொடங்கினால் இரண்டையும் இழப்போம்.

நாவலின் நடுத்தூண் ரேயின் அலுவலக அறையில் நிகழும் காட்சி. மொழிபெயர்ப்புப் பணியொன்றிற்காக எகிப்துக்கும் அங்கிருந்து கார்ட்டூமுக்கும் ஸம்மர் புறப்படப் போகிறாள். திரும்பி வருவாளா என்று தெரியாது. வெட்கத்தைத் துறந்து அவள் நேராகக் கேட்டுவிடுகிறாள்: நீங்கள் கலிமா சொன்னால் நாம் மணந்துகொள்ளலாம். ரே தயங்குகிறார். நம்பாத ஒன்றைச் சொல்ல அவரால் இயலாது, உறுதியில்லை என்கிறார். அவள் கெஞ்சுகிறாள், பிறகு சினக்கிறாள், இறுதியில் சபிக்கிறாள்: தனிமையிலேயே வாழ்ந்து தனிமையிலேயே மடிய வேண்டும் என்று உமக்கெதிராகப் பிரார்த்திப்பேன் என்கிறாள். அவர் அவளை வெளியே போகச் சொல்கிறார்.

இக்காட்சியை வாசித்தபோது நம் நினைவு உம்மு ஸுலைம் (ரலி) அவர்களிடம் சென்றது. அவரும் விதவை, அனஸ் இப்னு மாலிக் (ரலி) என்ற சிறுவனின் தாய். அபூ தல்ஹா பெண் கேட்டு வந்தபோது அவர் இன்னும் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. உங்களைப் போன்றவரை மறுக்க இயலாது, ஆயினும் நான் முஸ்லிம், நீங்கள் அப்படியல்லர். நீங்கள் இஸ்லாத்தை ஏற்றால் அதுவே என் மஹர், வேறொன்றும் கேளேன் என்ற பொருள்பட உம்மு ஸுலைம் விடையளித்ததாக நஸாயீயில் வரும் அறிவிப்பு கூறுகிறது. உம்மு ஸுலைமின் மஹரைவிடக் கண்ணியமான மஹரைக் கேள்விப்பட்டதில்லை என்று தாபிஈ ஸாபித் வியந்ததும் அதே அறிவிப்பில் உண்டு. ஆக, ஸம்மரின் கேள்வி மரபுக்குப் புறம்பானதன்று. கலிமாவை மஹராகக் கேட்ட பெண் நம் வரலாற்றில் போற்றப்படுகிறார். அபூ தல்ஹாவின் ஈமான் மணவறையின் வாசலில் தொடங்கியது என்பதற்காக எவரும் அதைக் குறைத்து மதிப்பிட்டதில்லை. உஹதில் நபி (ஸல்) அவர்களுக்குக் கேடயமாக நின்றவர் அவர். தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தை இறைவழியில் ஈந்தவரும் அவரே.

அப்படியானால் ஸம்மர் எங்கே பிழைத்தாள்? இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. உம்மு ஸுலைம் ஒரு நிபந்தனையை முன்வைத்துவிட்டு விலகி நின்றார்; முடிவு அபூ தல்ஹாவின் கையில் இருந்தது. நிபந்தனை ஏற்கப்படாவிட்டால் அவர் எதையும் இழந்துவிடப் போவதில்லை. ஸம்மரோ தன் இழப்பையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஏற்றிவிட்டாள். தாரிக்கின் மரணமும் அமீரின் அந்நியமும் மஹாஸினின் பழியும் ரே சொல்லும் இரு சொற்களில் தீர்ந்துவிட வேண்டும். கலிமா அங்கே இறைவனை நோக்கிய சாட்சியமாக இல்லை. அவள் காயத்திற்கான மருந்துச் சீட்டாக இருக்கிறது. மறுப்பு வந்ததும் அது சாபமாக மாறுவதற்குக் காரணமும் அதுவே.

எண்ணங்களைப் பற்றிய புகழ்பெற்ற ஹதீஸ் இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. ஒரு பெண்ணை மணப்பதற்காக ஹிஜ்ரத் செய்தவருக்கு அவர் நாடியதே கிடைக்கும் என்பது அதன் ஒரு பகுதியின் கருத்து. உம்மு கைஸ் என்ற பெண்ணுக்காக மதீனா வந்த ஒருவரைப் பற்றியே அது சொல்லப்பட்டது என்று உரைகளில் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. உம்மு கைஸின் செய்தி தனியே அறிவிக்கப்பட்டிருப்பினும், ஹதீஸ் அதற்காகவே கூறப்பட்டது என்பதற்கு ஆதாரமில்லை என்பதை இப்னு ரஜபும் இப்னு ஹஜரும் சுட்டியிருக்கின்றனர். பின்னணி எதுவாயினும், ரேயின் தயக்கம் இந்த ஹதீஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் வியப்பு. முஸ்லிமான ஸம்மர் அவசரப்படுகிறாள். முஸ்லிம் அல்லாத ரே நிய்யத்தின் கண்ணியத்தைக் காக்கிறார். ஒரு பெண்ணுக்காக வாயால் சொல்லிவிட்டுப் போகும் கலிமாவை அவர் மறுத்தது, அவர் அதை எவ்வளவு மதித்தார் என்பதற்கே சான்று. இந்தத் தலைகீழ் நிலையை ஆசிரியர் விளக்கிச் சொல்வதில்லை. நாவலின் பிற்பகுதி முழுவதும் அதன் விளைவாக விரிகிறது.

கார்ட்டூமில் மாதங்கள் கழிகின்றன. அபர்தீன் பணியை ஸம்மர் விட்டுவிடுகிறாள். வெயில், மின்வெட்டு, உறவுக் குழந்தைகளின் கூச்சல், மாலை நேர எழுத்தறிவு வகுப்பு. ஸ்காட்லாந்தின் சாம்பல் நிறம் மங்கி, ஊரின் நிறங்கள் திரும்புகின்றன. இங்கேதான் அவளுக்கு ஒரு தெளிவு பிறக்கிறது: ரே முஸ்லிமாக வேண்டும் என்று அத்தனை காலம் துஆ செய்தாளே, ஒரு முறையேனும் அவருடைய நன்மைக்காகச் செய்தாளா? எல்லாம் தனக்காக, தன் தனிமை தீர்வதற்காக. அன்று முதல் அவள் பிரார்த்தனையிலிருந்து தன்னை நீக்கிவிடுகிறாள். அவர் நேர்வழி பெறட்டும். தன்னை அவர் நினைக்காவிட்டாலும் சரி, தனக்குத் தெரியாமலே போனாலும் சரி. நாவல் முழுவதிலும் காதல் என்ற சொல்லுக்குத் தகுதியான செயல் இது ஒன்றே என்பது நம் மதிப்பீடு. காதலின் சிகரத்தை உடலின் இணைவில் வைப்பது நவீன நாவலின் வழக்கம். இங்கே அது ஒரு துஆவின் நிய்யத் திருத்தத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

பின்னர் ரேயின் பாலஸ்தீன நண்பர் ஃபரீதிடமிருந்து அரபு மொழியில் ஒரு கடிதம் வருகிறது. ரே இஸ்லாத்தை ஏற்றுவிட்டார். அவளை மணக்க விரும்புகிறார். ரேவும் கார்ட்டூமுக்கு வருகிறார். அவளால் தாம் மாறவில்லை என்பதையும், எவ்வளவு கற்றோம் என்பதற்கும் ஈமானுக்கும் உள்ள தொடர்பு தாம் நினைத்ததைவிடக் குறைவு என்பதையும், அது இறைவனிடமிருந்து நேரே வருவது என்பதையும் அவர் சொல்கிறார்.

இந்த முடிவைக் கண்டு புருவம் உயர்த்துபவர் உண்டு. வசதியான முடிவு, கதாநாயகனை மதம் மாற்றித் தடையை அகற்றிவிட்டார் ஆசிரியர் என்பது குற்றச்சாட்டு. இதை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் குற்றஞ்சாட்டுவோர் சார்லட் ப்ரான்டியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலை மறந்துவிடுகின்றனர். அங்கே தடை ராச்செஸ்டரின் முந்தைய மனைவி. கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை மதித்து ஜேன் விலகிச் செல்கிறாள். அந்த மனைவி தீயில் மடிந்த பின்பே அவளால் திரும்ப முடிகிறது. ஒரு பெண்ணின் மரணத்தால் தடை அகல்வதை இலக்கிய நியாயம் என்று ஏற்றவர்கள், ஒரு மனிதரின் ஸுஜூதால் தடை அகல்வதை மட்டும் வசதி என்பானேன்? ஜேனின் கதையை முஸ்லிம் வாசகர் படிக்கும்போது நேரும் விசித்திரம் ஒன்றும் உண்டு: பலதாரத்தை அறிந்த சட்டமரபில் அந்த முடிச்சே விழுந்திருக்காது. எந்தத் தடை மெய்யானது என்பதை அவரவர் நம்பிக்கை தீர்மானிக்கிறது. ஸம்மரின் தடையை மெய்யென்று ஏற்காதவருக்கு அவள் தீர்வும் மெய்யாகத் தோன்றாது.

நம் மரபுக்குள் இந்த முடிவுக்கு மிக அருகில் நிற்பது நபி (ஸல்) அவர்களின் மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் வரலாறு. கணவர் அபுல் ஆஸ் இப்னு ரபீஉ, கதீஜா (ரலி) அவர்களின் சகோதரி ஹாலாவின் மகன். மனைவி ஈமான் கொண்டார், கணவர் கொள்ளவில்லை. பத்ரில் அவர் எதிரணியில் நின்று கைதியானார். கணவரை மீட்க ஸைனப் அனுப்பிய பொருளில் தம் தாயார் திருமணத்தின்போது அணிவித்த கழுத்தணியும் இருந்தது. அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் உருகினார்கள். அபுல் ஆஸ் விடுவிக்கப்பட்டார். வாக்களித்தபடி மனைவியை மதீனாவுக்கு அனுப்பினார். ஆண்டுகள் கழிந்தன. அவர் வழிநடத்திய வணிகக் கூட்டம் முஸ்லிம்களிடம் பிடிபட்டபோது, இரவில் மதீனாவுக்குள் வந்து ஸைனபிடம் அடைக்கலம் கேட்டார். அவர் அளித்தார். கணவனை உபசரி, ஆனால் நெருங்க விடாதே, நீ அவருக்கு ஹலால் அல்லள் என்று நபி (ஸல்) அவர்கள் மகளுக்கு உணர்த்தினார்கள். பொருட்கள் அவரிடம் திருப்பித் தரப்பட்டன. அந்தக் கணத்தில் கலிமா சொல்லியிருந்தால் மனைவியும் கிடைத்திருப்பார், மக்காவாசிகளின் பொருளும் கையில் இருந்திருக்கும். அபுல் ஆஸ் அதைச் செய்யவில்லை. மக்கா சென்று ஒவ்வொருவர் பொருளையும் ஒப்படைத்து, இனி எவருக்கும் எதுவும் பாக்கி இல்லையே என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே, அவர்கள் நடுவில் நின்று ஷஹாதாவை மொழிந்தார். அதன் பின்னர்தான் மதீனா வந்தார். ஸைனபை அவரிடம் திருப்பி அளித்தது பழைய நிகாஹைக் கொண்டா புதிய நிகாஹைக் கொண்டா என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அந்த விவாதம் இங்கே தேவையில்லை. நமக்கு வேண்டியது அந்த இடைவெளி. ஈமானுக்கும் ஆதாயத்திற்கும் நடுவே மக்காவரை போய்த் திரும்பும் பயணம் ஒன்றை வைத்தார் அபுல் ஆஸ்.

அபூலெலா இந்த வரலாற்றை நாவலில் எங்கும் குறிப்பிட்டதாக நமக்கு நினைவில்லை. ஆயினும் ரேயின் ஈமானுக்கும் ஸம்மருக்கும் நடுவே அவர் அதே இடைவெளியை வைத்திருக்கிறார்: கண்டங்கள் கடந்த தொலைவு, பேச்சின்றிக் கழிந்த மாதங்கள், திரும்பும் நம்பிக்கையற்ற பிரிவு. உம்மு ஸுலைமின் கேள்வியில் தொடங்கிய கதை அபுல் ஆஸின் விடையில் முடிகிறது.

குறை இல்லாமலில்லை. அந்த இடைவெளியில் ரேவுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை நாவல் காட்டுவதில்லை. கதை ஸம்மரின் பார்வையிலிருந்து அகலாததால், ஓர் அறிஞரின் ஆயுட்காலத் தயக்கம் உடைந்த கணம் நம் கண்ணுக்கு எட்டாமல், கடிதச் செய்தியாக வந்து சேர்கிறது. ஹிதாயத் மனிதக் கண்ணுக்கு மறைவானது என்று வாதாடலாம். அந்த வாதத்தில் ஈமான் உண்டு, கலை நியாயம் பாதிதான் உண்டு. யாஸ்மின் எச்சரித்த தொழில் இழப்பு என்ன ஆயிற்று? சக பேராசிரியர்கள் அவரை எப்படிப் பார்த்தனர்? மகள் என்ன சொன்னாள்? முதற்பகுதியில் அவ்வளவு கவனமாக அடுக்கப்பட்ட தடைகளில் பல, இரண்டாம் பகுதியில் ஓசையின்றிக் காணாமற்போகின்றன. கெய்ரோ அத்தியாயம் அதைவிட மெலிது. தீவிரவாதக் குற்றச்சாட்டுக்கு ஆளான இளைஞர்களை நேர்காணும் பணி என்பது தனி நாவலுக்கே உரிய கனமுடையது. இங்கே அது ஒரு பயணக் காரணமாக மட்டுமே வந்துபோகிறது.

தையிப் ஸாலிஹ் 1966இல் அரபியில் வெளியிட்ட ‘வடக்கு நோக்கிய புலப்பெயர்வின் பருவம்’ நாவலோடு இந்நூலைச் சேர்த்துப் படிப்பது பயனளிக்கும். அங்கே சூடான் ஆண் ஒருவன் லண்டனுக்குச் சென்று, காலனியம் இழைத்த கொடுமைக்கு வெள்ளைப் பெண்களின் மனங்களில் பழிதீர்க்கிறான். முடிவு கொலையும் தற்கொலையும். அந்நாவலின் அழகை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் வடக்கும் தெற்கும் சந்தித்தால் இரத்தம் மட்டுமே மிஞ்சும் என்ற அதன் கசப்புக்கு, ஒரு தலைமுறை கழித்து அதே மண்ணின் மகள் சூப் கிண்ணத்தோடும் தொழுகை விரிப்போடும் மறுமொழி எழுதியிருக்கிறாள்.

அபூலெலா இணைப்பை மட்டுமே எழுதத் தெரிந்தவரல்லர் என்பதற்கு 2005இல் வெளிவந்த ‘மினாரா’ சான்று. அதன் நாயகி நஜ்வா அமைச்சுச் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்து, 1985 ஆட்சி மாற்றத்தில் தந்தையைத் தூக்குமேடைக்கு இழந்து, லண்டனில் வீட்டுப் பணிப்பெண்ணாகத் தேய்ந்தவள். அன்வர் என்ற இடதுசாரி இளைஞனோடு முறைகேடான உறவின் நினைவு அவளைத் துரத்துகிறது. பள்ளிவாசல் பெண்களின் தோழமையில் தேறுகிறாள். வேலைபார்க்கும் வீட்டு இளைஞன் தாமிர், தன்னைவிட வயதில் மிக இளையவன், அவளை விரும்புகிறான். இருவரும் முஸ்லிம்கள், ஷரீஅத்தில் தடையே இல்லை. இருந்தும் அந்த மணம் நடப்பதில்லை. அவன் தாயிடம் ஹஜ்ஜுக்கான பணத்தைப் பெற்றுக்கொண்டு நஜ்வா விலகிச் செல்கிறாள். சட்டம் தடுத்த இடத்தில் இணைவையும், சட்டம் அனுமதித்த இடத்தில் பிரிவையும் எழுதியவரை, பிரசார எழுத்தாளர் என்று யாரேனும் ஒதுக்கினால் அவர் இவ்விரு நாவல்களில் ஒன்றை மட்டும் படித்தவராகவே இருக்க வேண்டும். கலை முதிர்ச்சியில் ‘மினாரா’ ஒரு படி மேல். அதிலுள்ள பிரிவுக்கு யாரும் கடிதம் எழுதித் தீர்வு சொல்லவில்லை.

முதல் வாசிப்பில் நம்மை ஆட்கொண்டவர்கள் ஸம்மரும் ரேவும். மறுவாசிப்பில் நம் கண் அமீரிடமே திரும்பத் திரும்பச் சென்றது. நீ போயிருக்கக் கூடாதா என்ற சொல்லை விளங்கும் வயது அன்று அவனுக்கில்லை. நான்கு ஆண்டுகள் பாட்டியே தாய். பிறகு தாய் என்று ஒருத்தி வந்து அருகில் படுத்துக்கொள்கிறாள். அவன் மெல்ல மெல்ல அவளோடு பழகுகிறான். இனி அந்நிய மொழி பேசும் ஒரு தந்தையும் வரப்போகிறார். அனஸ் (ரலி) என்ற சிறுவனின் வளர்ப்புத் தந்தையாக அபூ தல்ஹா (ரலி) எப்படி இருந்தார் என்பதற்கு ஹதீஸ் நூல்களில் அனஸின் சொந்தச் சொற்களே சாட்சி. அமீர் வளர்ந்து என்ன சொல்வான் என்ற கேள்வியை நாவல் எழுப்பவில்லை. மஹாஸினின் முற்றத்தில் உறவுக் குழந்தைகளோடு அவன் ஓடியாடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் தங்கள் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றனர்.